சுமார் நூறு கஜம்

உமாபதி நீட்டிய தாளில் கையெழுத்துப் போடுவதில்லை என்று கன்னையா அதைக் கையில் வாங்கும்போதே முடிவு செய்துவிட்டார். டைப் அடித்த தாள், முழுக்க இங்கிலீஷ். நடுவில் நூறு என்ற எண் மட்டும் அவருக்குப் படிக்க வந்தது. அது போதும்.

"இன்னா சார் இது?"

"ஒண்ணுமில்ல பெரியவரே. நம்ம ஓட்டப் பாதை நூறு கஜம் இருக்குது, நான்தான் அளந்தேன்னு நீங்க எழுதிக் குடுக்கிற சர்டிபிகேட். சர்வேல இருபத்தாறு வருஷம் சங்கிலி இழுத்தவர்னு உங்க பேரையும் போட்டிருக்கேன். கீழ ஒரு கையெழுத்து."

"நான் அளந்தது தொண்ணூத்தி நாலு."

"அதை விடுங்க."

"எத்த வுடறது? ஆறு கஜத்தயா?"

உமாபதி தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தலைமை ஆசிரியர் அறைப் பக்கம் போனான். இவன் இனி அங்கே போய் மூட்டுவான் என்று கன்னையாவுக்குத் தெரியும். படித்தவர்கள் ஒருவரை நேராகப் பார்த்துப் பேச முடியாவிட்டால் இன்னொரு படித்தவரிடம் போவார்கள்.

உமாபதி சித்தூர்க்காரன். வக்கீல் குமாஸ்தாவின் பிள்ளை. பி.ஏ. தேறியவன். பி.ஏ. தேறியவன் தாலூகா ஆபீசில் பேனா பிடிப்பான், இல்லாவிட்டால் வாத்தியாராவான். இவன் திருப்பதியில் புதிதாகத் திறந்த ஒரு கல்லூரியில் தேகப்பயிற்சியும் விளையாட்டு நிர்வாகமும் மேல்படிப்பாகப் படித்துக்கொண்டிருந்தான். ஓடுவது எப்படி, குதிப்பது எப்படி, ஓடுகிறவனையும் குதிக்கிறவனையும் கட்டி மேய்ப்பது எப்படி என்று அங்கே புஸ்தகம் போட்டுச் சொல்லிக் கொடுக்கிறார்களாம். கேட்டபோது கன்னையா நம்பவில்லை. நாய் துரத்தினால் எல்லாப் பிள்ளையும் ஓடுகிறது, அதற்கு ஒரு கல்லூரியா என்றுதான் நினைத்தார். உமாபதி ஓடி இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. பஸ் கிளம்பிவிட்டால்கூட நின்ற இடத்திலிருந்து கையைத் தட்டுவான்.

படிப்பு முடிய ஆராய்ச்சி ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் எல்லைப்புறத்தில் இருந்த இந்த உயர்நிலைப் பள்ளிக்கு வந்து ஆறு மாதமாக உட்கார்ந்திருந்தான். கன்னையா அந்தப் பள்ளியின் மைதானக் காவல். சர்வே வேலை முடிந்த பிறகு கிடைத்த வேலை. சுண்ணாம்பில் கோடு போடுவது, தாண்டுகிற குழிக்கு மணல் கொட்டுவது, ஆடு மாடு விரட்டுவது. வயது அறுபத்து மூன்று. வருஷத்துக்கு ஒருமுறை தலைமை ஆசிரியர் மேலே எழுதிப் போட்டு நீட்டித்துக்கொண்டு வந்தார்.

ஓட்டப் பாதை ஆறு கஜம் குறைந்தது இப்படித்தான். முன்பு அது சரியாக நூறு கஜம் இருந்தது, கன்னையாவே போட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆந்திராவும் மெட்ராஸும் ஊர்களைப் பங்கு போட்டுக்கொண்ட பட்டியல் பேப்பரில் வந்தது. பள்ளி இருந்த ஊர் ஆந்திராவுக்கு. பக்கத்து ஊர் மெட்ராஸுக்கு. இரண்டு ஊருக்கும் நடுவிலிருந்த எல்லைக்கல் மைதானத்தின் கோடியில் நின்றது. ஓட்டத்தின் முடிவுக்கோடு அந்தக் கல்லைத் தாண்டி ஐந்து கஜம் போய் விழுந்திருந்தது. வெள்ளைக்காரன் காலத்துக் கல். அதுவரை ஆடு உரசுவதைத் தவிர அதற்கு வேறு வேலை இருந்ததில்லை.

தலைமை ஆசிரியர் பாலசுந்தரம் காகிதத்துக்குப் பயப்படுகிற மனிதர். பட்டியல் வந்த மறுநாளே கன்னையாவைக் கூப்பிட்டார்.

"இதோ பாரு கன்னையா. நம்ம பையன் இங்க கிளம்பி அங்க போய் ஜெயிச்சா அது எந்த கவர்ன்மென்ட் கணக்கு? நாளைக்கு ஒருத்தன் பிடிஷன் போட்டா நான்தான் கையக் கட்டிக்கினு நிக்கணும். கோட்ட கல்லுக்கு இந்தப் பக்கம் இழுத்துடு."

"நூறு வராது சார். பின்னால தள்ளலாம்னா வகுப்புச் சுவரு. ஒரு பக்கம் கால்வாய், ஒரு பக்கம் பனமரம்."

"நீ இழு. நூறுன்னு நாம சொல்லிக்கலாம்."

இழுத்தார். கல்லுக்கு ஒரு கஜம் இந்தப் பக்கம். நாலு சங்கிலி இருபத்தேழு கண்ணி வந்தது. ஒரு சங்கிலி இருபத்திரண்டு கஜம், நூறு கண்ணி. கணக்குப் போட்டால் தொண்ணூற்று நாலு கஜம்தான். ஓடுகிற பிள்ளைகள் கோட்டைத் தொட்ட பிறகும் வேகம் அடங்காமல் மெட்ராஸுக்குள் பதினைந்து கஜம் போய்த் திரும்பி வந்தார்கள். அதையும் தலைமை ஆசிரியர் நிறுத்தப் பார்த்தார். கோட்டிலேயே நின்றாக வேண்டும் என்று உத்தரவு போட்டார். இரண்டு பேர் விழுந்து பல் உடைந்தது. அதற்கப்புறம், ஓடி முடித்த பின் எங்கே போகிறான் என்பது அவனவன் சொந்த விஷயம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

இந்தப் பாதையில்தான் உமாபதி ஆராய்ச்சி செய்தான். கழுத்தில் ஓட்டக் கடிகாரம். கையில் மார்பு அளக்கத் துணி நாடா. ஒரு பெரிய ஜாடியில் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்து, ரப்பர் குழாயை வைத்து ஊதச் சொல்லி, யாருக்கு எவ்வளவு மூச்சு என்று எழுதினான். அறுபது பையன்களைப் பிடித்தான். முப்பது பேருக்குத் தினம் ஒரு கை வேர்க்கடலை, ஒரு அச்சு வெல்லம். மற்ற முப்பது பேருக்கு ஒன்றும் கிடையாது. கடலை தின்றவன் வேகமாக ஓடுகிறானா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. எல்லாருமே வேகமாக ஓடினார்கள். கடலை இல்லாதவனும் அதே வேகம் ஓடினான். சித்தூரிலும் திருப்பதியிலும் கண்டதைவிட எல்லாருமே அரை நொடி முன்னால் வந்தார்கள். புத்தியுள்ளவன் அப்போதே பாதையைச் சந்தேகப்பட்டிருப்பான். உமாபதி, இந்தப் பக்கத்து ஜனங்கள் பரம்பரையாகத் தின்ற கடலை ரத்தத்திலேயே ஊறியிருக்கிறது என்று எழுதினான்.

ஏகாம்பரம் என்று ஒருத்தன், நகரியில் தறி நெய்கிற வீட்டுப் பிள்ளை, இரண்டு தடவை தவறி இன்னும் பத்தாவதிலேயே இருந்தான். அவன் ஒன்பது புள்ளி எட்டு நொடியில் வந்தான். உலகத்திலேயே வேகமானவன் ஒன்பது புள்ளி மூன்றாம். சந்தோஷத்தில் உமாபதிக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

கன்னையா முதல் வாரமே சொன்னார். "சார், இந்தப் பாதையில ஆறு கஜம் கம்மி."

உமாபதி கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டே, "நீங்க எத்தனாவது வரைக்கும் படிச்சீங்க?" என்று கேட்டான்.

"மூணாவது."

"அப்ப கோட்ட நேரா போடுங்க. அது போதும்."

அதோடு கன்னையா வாயை மூடிக்கொண்டார். அறுபது பேரும் தொண்ணூற்று நாலு கஜம் ஓடினார்கள். அவன் நூறு என்று எழுதினான். ஆறு மாதம் போயிற்று. இப்போது, பாதையை அளந்த சர்டிபிகேட் எங்கே என்று திருப்பதியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. ஒருநாள் காலை பனிக்குள் உமாபதி தன்னுடைய துணி நாடாவைப் போட்டு அளந்துகொண்டிருந்ததைக் கன்னையா பார்த்தார். அளந்து முடித்துவிட்டு வெகுநேரம் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தான். ஆக, அவனுக்கும் தெரியும். தெரியாமல் எழுதியது மடத்தனம். தெரிந்த பிறகு இன்னொருவன் பேரைக் கேட்டு வந்ததைக் கன்னையா வேறு பேர் சொல்லித்தான் அழைப்பார்.

சாயங்காலம் தலைமை ஆசிரியர் கூப்பிட்டனுப்பினார். உமாபதியும் அங்கேதான் இருந்தான், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

"ஏம்பா கன்னையா, சின்ன விஷயம். பையன் பாஸ் பண்ணா மாவட்டத்துக்கே விளையாட்டு அதிகாரி ஆவப் போறான். நம்ம ஸ்கூலுக்கும் பேரு. ஒரு கையெழுத்து போட்டா உன் கை தேஞ்சா போவுது?"

"கோட்ட இழுன்னீங்க, இழுத்தேன். நூறுன்னு நீங்க சொல்லிக்கினீங்க, நான் சொல்லல. இப்ப என்னிய சொல்ல சொல்றீங்க."

"சங்கிலி பழசு. நீண்டு போயிருக்கும். நீங்க தப்பா அளந்திருப்பீங்க," என்றான் உமாபதி ஜன்னலைப் பார்த்தபடி.

"வருசா வருசம் புத்தூரு தாலூக்கா ஆபீஸு வாசல்ல சங்கிலி நீளத்துக்கு நட்ட ரெண்டு கல்லு கீது, அதுல வச்சுப் பாத்துட்டுதான் வரேன். சங்கிலி சரியாத்தான் கீது."

பாலசுந்தரம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "உனக்கு நீட்டிப்பு இந்த மாசத்தோட முடியுது. நான் எழுதினாத்தான் அடுத்த வருசம். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"பரீட்சை அதிகாரி வெள்ளிக்கிழமை வராரு. அதுக்குள்ள யோசிச்சுக்கோ."

கன்னையாவுக்கு யோசிக்க ஒன்றுமில்லை. சர்வேயில் இருந்தபோது பிச்சாட்டூர் பக்கம் ஒரு சங்கிலி ஆள், முள்ளுக்குள் போகச் சோம்பல்பட்டு, வெளியே நின்றபடியே கண்ணி எண்ணிக்கையைச் சொன்னான். சர்வேயர் எழுதிக்கொண்டார். எட்டு வருஷம் கழித்து அண்ணன் தம்பி இரண்டு பேர் அந்த வரப்பின் மேல் வெட்டிக்கொண்டார்கள். சித்தூர் கோர்ட்டில் அளவுப் புஸ்தகத்தைப் பிரித்து, அந்தச் சங்கிலி ஆளின் பேரை உரக்கப் படித்தார்கள். அவன் செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவன் மகன் கோர்ட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். கன்னையா அன்றைக்குச் சாட்சி சொல்லப் போயிருந்தார். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தவர், தான் இழுக்காத அளவுக்குத் தன் பேரைக் கொடுத்ததே இல்லை.

வீட்டில் மனைவி செங்கம்மா சும்மா விடவில்லை. "போட்டுட்டு வாயேன். ஓட்டப் பந்தயம்தானே, எவன் நெலம் போவுது?"

"நெலம் போவாது. பேரு போவும்."

"உன் பேரு இன்னா பெரிய கலெக்டரு பேரா? வேல போனா இன்னா பண்ணுவ? என் கூட கடல புடுங்க வரியா?"

"வரேன்."

"குனிய முடியாது உன்னால. வந்து வரப்புல குந்திக்கினு என்னிய குத்தம் சொல்லிக்கினு இருப்ப." அவள் களியைத் தட்டில் தட்டி அவர் பக்கம் தள்ளினாள். "துன்னு. துன்னுட்டு வீம்பு பண்ணு."

மறுநாள் கோட்டுக்குச் சுண்ணாம்பு தூவிக்கொண்டிருந்தபோது ஏகாம்பரம் வந்து நின்றான். மடியில் கடலை வைத்து உடைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னா பெரிப்பா, கையெழுத்து போட மாட்டேன்னியாமே. பியூன் வீராசாமி சொன்னாரு."

"பாதையில ஆறு கஜம் கம்மின்னு உனுக்குத் தெரியுமாடா?"

"எல்லாருக்கும் தெரியும். கல்லு எங்க கீது, கோடு எங்க கீதுன்னு கண்ணு தெரியாதா இன்னா."

"அப்புறம் ஏண்டா அந்தாளு கிட்ட சொல்லல?"

"சொன்னா கடலய நிறுத்திடுவாரு பெரிப்பா. வெல்லம் வேற. கடல இல்லாத முப்பது பேருக்கு நாங்க பாதி குடுத்துடறோம், அவங்களும் வாயத் தொறக்க மாட்டாங்க."

ஆராய்ச்சியில் கடலை தின்றவன் யார், தின்னாதவன் யார் என்பதும் பொய் என்று அப்போதுதான் கன்னையாவுக்குத் தெரிந்தது. அவருக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. ஒரு பி.ஏ.வை ஏமாற்ற, பத்தாவது தவறியவன் போதும்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குத் திருப்பதியிலிருந்து ஜீப் வந்தது. ரேணிகுண்டா ரயில் கேட்டில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டதாகச் சொல்லிக்கொண்டே பரீட்சை அதிகாரி இறங்கினார். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் தேகத்தைப் பரிசோதிக்க வந்தவர், ஜீப்பிலிருந்து இறங்க டிரைவரின் தோளைப் பிடித்தார். தொப்பைக்குக் கீழே பெல்ட். காலருக்குள் கைக்குட்டை. நாற்காலி போட்டார்கள். இளநீர் கொடுத்தார்கள். ஏகாம்பரத்தை ஓடச் சொன்னார்கள். ஒன்பது புள்ளி எட்டு. அதிகாரி தானே கடிகாரத்தைப் பார்த்தார். "பேஷ், பாக உந்தி," என்று தெலுங்கில் மெச்சினார். உமாபதி ஜாடியையும் ரப்பர் குழாயையும் காட்டினான். அதிகாரி தானும் ஒருமுறை ஊதிப் பார்த்து, எவ்வளவு வந்தது என்று யாரும் எழுத வேண்டாம் என்றார்.

பிறகு பைண்டு செய்த மூன்று புஸ்தகங்களையும் மடியில் வைத்துப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் அந்தச் சர்டிபிகேட் ஒட்டியிருந்தது.

"இருபத்தாறு வருஷம் சர்வேவா. இந்த கன்னையா எவரு? பார்க்கலாமே."

உமாபதி, "அவர் இன்னைக்கு வரல சார்," என்று சொல்லி முடிப்பதற்குள், சுண்ணாம்பு டின்னோடு நின்ற கன்னையா முன்னால் வந்தார்.

"நான்தான் சார்."

"ஓ, நீதானா. நல்லா அளந்தியா?"

"அளந்தேன் சார். தொண்ணூத்தி நாலு கஜம்."

அதிகாரி புஸ்தகத்தைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். "நூறுன்னு கையெழுத்துப் போட்டிருக்கியே."

கன்னையா குனிந்து பார்த்தார். அவர் பேர்தான். யாரோ கோணல்மாணலாக எழுதியிருந்தார்கள். பியூன் வீராசாமி காலடியில் இருந்த புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இது என் கை இல்ல."

"வயசாயிடுச்சு சார், மறந்திருப்பார்," என்றான் உமாபதி.

கன்னையா சாமான் அறைக்குப் போய்ச் சங்கிலியை எடுத்துவந்து உதறினார். "வீராசாமி, வந்து புடி," என்றார். வீராசாமி தலைமை ஆசிரியரைப் பார்த்தான். அவர் ஆகாயத்தைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் வந்து பிடித்தான். கிளம்பும் கோட்டிலிருந்து ஒரு சங்கிலி. அது முடிந்த இடத்தில் ஒரு கம்பி முளை. இரண்டு. மூன்று. நாலு. அறுபது பையன்களும் சுற்றி நின்றார்கள். முடிவுக்கோட்டில் இருபத்தேழாவது கண்ணி வந்து விழுந்தது. அதிகாரி குடை பிடித்துக்கொண்டு நடந்து வந்து தானே குனிந்து எண்ணினார். மூச்சு வாங்கியது.

"மிச்சம் ஆறு கஜம் எங்கய்யா?"

கன்னையா கல்லுக்கு அப்பால் கையைக் காட்டினார். "அது மெட்ராஸ்ல கீது சார்."

பையன்கள் சிரித்தார்கள். தலைமை ஆசிரியர், பட்டியலையும் கல்லையும் பிடிஷனையும் பற்றி ஐந்து நிமிஷம் தெலுங்கில் விளக்கினார். அதிகாரி கேட்டுக்கொண்டே இருந்தார். தப்பு என்று சொன்னால் ஆறு மாத ஆராய்ச்சி போயிற்று. ஆராய்ச்சியைச் சரிபார்த்ததாக இரண்டு தடவை திருப்பதியிலிருந்து கையெழுத்துப் போட்டு அனுப்பியவர் அவரே. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதிகாரிகள் தங்கும் முசாபரி பங்களாவில் அவருக்குச் சமைத்த கோழி ஆறிக்கொண்டிருக்கும்.

"மூணு காப்பியும் பைண்டிங் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு சார்," என்றான் உமாபதி.

"அப்ப ஒண்ணு செய். நூறு கஜம்னு எங்கெங்க வருதோ அங்கெல்லாம் முன்னால சுமார்னு போட்டுடு. பேனாவுல போடு, பரவாயில்ல. சுமார் நூறு கஜம். சரியாப் போச்சு."

உமாபதி அங்கேயே மண்ணில் முட்டிபோட்டு உட்கார்ந்து போட ஆரம்பித்தான். நொடியைப் பத்தாகப் பிளந்து எழுதிய ஆராய்ச்சி. அதில் தூரம் சுமார்.

"என் பேரு?" என்றார் கன்னையா.

"உன் பேருக்கு என்னய்யா? சுமார் நூறுதானே. இப்ப நீ சொன்னது தப்பில்லையே."

"சுமாருக்கு சங்கிலி எதுக்கு சார்? கல்லு மேல குந்திக்கினு கண்ணால பாத்தே சொல்லலாம். என் பேர அடிங்க."

"கன்னையா," என்றார் தலைமை ஆசிரியர். அந்தக் குரலில் மாதக் கடைசி இருந்தது.

"மூணு பொஸ்தகத்துலயும் அடிங்க சார். அடிக்கிற வரைக்கும் ஜீப்பு முன்னாலதான் நிப்பேன்."

நின்றார். டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தான். அதிகாரி பேனாவை வாங்கி, மூன்றிலும் கன்னையா என்ற பேரின் மேல் கோடு போட்டார். கன்னையா ஒவ்வொன்றையும் கையில் வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். இரண்டாவதில் கோடு மெலிசாக இருந்தது. "இன்னொரு தபா போடுங்க," என்றார். போட்டார்கள். கீழே, உள்ளூர் ஆள் ஒருவர் அளந்தது என்று அதிகாரி எழுதிக்கொண்டார். அது எவனாக வேண்டுமானாலும் இருந்துகொள்ளட்டும்.

ஜீப் போன பிறகு உமாபதி அவர் எதிரில் வந்து நின்றான். கை முழுக்க மசி. "எனக்கு எப்படியும் பாஸ்தான். உனக்கு என்ன லாபம் இதுல?"

அந்த 'நீ' புதிது. கன்னையா சங்கிலியைக் கண்ணி கண்ணியாக மடித்துக்கொண்டிருந்தார்.

தலைமை ஆசிரியர் வந்தார். "மாசக் கடைசி வரைக்கும் வா. அப்புறம் வர வேணாம்."

"இன்னிக்கே போறேன் சார். சாமான ஒப்படைச்சிடறேன். எண்ணிப் பாத்து வாங்கிக்கினு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க."

"என்னத்த எண்ணுறது? ஒரு சங்கிலிதானே."

"நூறு கண்ணி சார். நான் போனப்புறம் ஒண்ணு காணோம்னா கன்னையா எடுத்துக்கினு பூட்டான்னு எழுதுவீங்க. என் பேரு வச்சு எழுதறது உங்களுக்குப் பழக்கமாப் பூட்டுது. நீங்களே எண்ணுங்க."

மடித்த சங்கிலியை மறுபடி உதறி வெயிலில் நீளமாகப் போட்டார். பையன்கள் கலையாமல் நின்றார்கள். ஏகாம்பரம் கடலை உடைத்துக்கொண்டிருந்தான். பாலசுந்தரம் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு குனிந்து, விரலை வைத்து வைத்து எண்ணிக்கொண்டு போனார். நாற்பது தாண்டியதும், "சரியா இருக்குதா சார்?" என்று யாரோ கேட்டார்கள். எண்ணிக்கை தப்பிவிட்டது. அவர் நிமிர்ந்து கன்னையாவைப் பார்த்தார்.

கன்னையா சங்கிலியின் முதல் கண்ணியைக் காலால் காட்டினார். தலைமை ஆசிரியர் திரும்பிப் போய், மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.